ரொட்டி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்கள்

நம் வயதுக்காரர்கள் எல்லோரும் இதைச் செய்திருப்போம். தெரிந்தவர் ஒருவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று காதில் விழுந்ததும் கிளம்பிவிடுவோம். ஆஸ்பத்திரிக்கு எதிரே எப்போதும் ஒரு கடை இருக்கும். அங்கே ஒரு ரொட்டிப் பாக்கெட், கையில் கொஞ்சம் தாராளமிருந்தால் ஒரு மால்ட் மாவு பாட்டில், நாலு சாத்துக்குடி வாங்குவோம். உள்ளே போனால் கட்டில் பக்கத்து மேசையில் அதே கடை ரொட்டி ஏற்கெனவே அடுக்கியிருக்கும். நம்முடையதையும் அதன் மேல் வைத்துவிட்டு, "இப்பம் எப்படி இருக்கு?" என்று கேட்போம்.

நோயாளிக்கு ரொட்டி என்று நம் பக்கத்தில் முதலில் சொன்னது யார்? நான் பல பேரிடம் விசாரித்துவிட்டேன். வெள்ளைக்காரத் துரைசானிகள் நடத்திய ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பழக்கம் என்றார் ஒருவர். ரொட்டி மெத்தென்று இருக்கிறது, அதனால் வயிற்றுக்கு லேசு என்று யாரோ முடிவு கட்டியிருப்பார்கள் என்றார் இன்னொருவர். வருஷம் முழுக்க இட்லியும் சோறும் தின்று வளர்ந்த வயிற்றுக்கு, காய்ச்சல் வந்த அன்றைக்கு மட்டும் சோறு எதிரியாகிவிடுகிறது. நன்றாக இருக்கும்போது நாம் ஏறிட்டுப் பார்க்காத ரொட்டி மருந்தாகிவிடுகிறது. இது ஏன் என்று இன்றுவரை எனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை.

இந்த விசாரணையை நான் விடாமல் நடத்துவதற்குக் காரணம் உண்டு. அந்த ரொட்டியால் எட்டு வயதில் நான் என் வீட்டை விட்டுப் போனேன். என் அம்மா அதற்கான பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் இருந்தாள்.

அப்பா பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வாத்தியார்களுக்கென்று கட்டிய ஓட்டு வீடுகளின் வரிசையில் ஒன்று எங்களுடையது. அப்பா, அம்மா, நான், அப்போதுதான் பேச்சு திருந்தியிருந்த தம்பி. அந்த வருஷம் ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு டைபாய்டு வந்தது. காய்ச்சல் இறங்கிய பிறகு டாக்டர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

"குடல் புண்ணாக் கெடக்கு, சார்வாள். சோத்தக் கண்ணுலயே காட்டக் கூடாது. ரொட்டியும் பாலும் குடுங்க."

அப்பாவுக்கு டாக்டர் சொல்வதும் வேதத்தில் எழுதியிருப்பதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அன்றிலிருந்து என் தட்டில் சோறு விழவில்லை.

முதலில் எனக்குக் கொண்டாட்டமாக இருந்தது. ரொட்டி மெழுகுத்தாளில் சுற்றி வரும். பிரித்ததும் லேசான புளிப்பு வாசனை மூக்கில் ஏறும். ஓரத்துப் பழுப்புத் தோலைத் தனியாக உரித்து வைத்துக் கடைசியில் தின்பேன். ஜன்னலுக்கு வெளியே வரிசை வீட்டுப் பிள்ளைகள் நின்று பார்ப்பார்கள். காய்ச்சல் வந்ததற்காக என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்கள் உண்டு.

காய்ச்சல் போனது, வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. தின்றது எதுவும் தங்கவில்லை. கை கால் முருங்கைக்காய் மாதிரி ஆகி, வயிறு மட்டும் முன்னால் தள்ளியது. கழிவது வெளுத்து, நுரைத்து, எண்ணெய் மினுங்க இருக்கும். அதன் நாற்றம் வரிசையின் கடைசி வீடு வரைக்கும் போகும். இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். எழுதத்தான் வேண்டும். இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பாதிப் பேர் டாக்டரிடம்கூட "வயிறு சரியில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

செய்தி பரவியது. அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்காரர்கள் சேர்ந்து வந்தார்கள். வந்தவர்கள் எல்லோர் கையிலும் ரொட்டி, ரஸ்க், பிஸ்கோத்து, மால்ட் மாவு. நான் இளைக்க இளைக்க ஆட்கள் கூடினார்கள். ஆட்கள் கூடக் கூட ரொட்டி கூடியது. ரொட்டி கூடக் கூட நான் இன்னும் இளைத்தேன். காலியான மால்ட் பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து அம்மா அதில் மல்லி, வத்தல், உளுந்து என்று போட்டு வைத்தாள். அதுவரை காகிதப் பொட்டலமாகக் கிடந்த எங்கள் அடுக்களை, என் வயிற்றுப்போக்கின் புண்ணியத்தில் கண்ணாடிப் பாட்டில்களாக மின்னியது.

பள்ளிக்கூடம் நின்றுபோனது. படுத்தே கிடக்கிற பிள்ளைக்கு ஆராய என்ன இருக்கிறது? வயிறுதான். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. என் வயிற்றில் என் காதை வைக்க முடியாது. அதனால் தம்பியைப் பிடித்து இழுத்து, முதலில் அவன் வயிற்றில் நான் காது வைத்துக் கேட்பேன். அங்கே ஒன்றும் பெரிதாகக் கேட்காது. பிறகு அவனை என் வயிற்றில் காது வைக்கச் சொல்வேன்.

"என்னலே கேக்கு?"

"பஸ்சு போவுது."

"எங்கன போவுது?"

அவன் இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டுவிட்டு, "திரும்பி வருது" என்பான்.

ஒரு நாள் இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, ஒன்றில் ரொட்டித் துண்டைப் போட்டேன். தம்பியிடம் சொல்லி அடுக்களையிலிருந்து ஒரு பிடி சோறு எடுத்துவரச் செய்து இன்னொன்றில் போட்டேன். ஜன்னல் விளிம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் ரொட்டி ஊதித் தம்ளரை அடைத்து, கூழாகிக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. ஜூன் மாதம் புத்தகத்துக்கு அட்டை போட அம்மா மைதா மாவில் காய்ச்சும் பசை மாதிரியே இருந்தது. சோறு அடியில் பருக்கை பருக்கையாகக் கிடந்தது.

அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தார். "எதுக்குட்டி சோத்த வீணாக்குத?"

"எது வயித்துல போயி என்ன செய்யும்னு பாக்கேன் அப்பா. ரொட்டி பசையாயிட்டு. சோறு சும்மா கெடக்கு."

அப்பா இரண்டு தம்ளரையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வாத்தியார் அல்லவா, அவருக்கு என் சோதனை பிடித்திருந்தது. "சரியாத்தான் பாத்திருக்க. ரொட்டி லேசு, கரைஞ்சிருச்சு. சோறு கரையவே இல்ல பாரு. இதுக்குத்தான் டாக்டர் சோறு வேண்டாங்காவ" என்றார். எனக்கு ஏதோ இடித்தது. பசை எப்படி லேசாகும் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

அம்மா வேறு ஆள். அவளிடம் காரணம் எதுவும் கிடையாது. என் முகத்தைப் பார்த்து நடப்பவள்.

ஒரு மத்தியானம் அடுக்களையில் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள். புழுங்கலரிசிச் சோறு வெந்து வடிகிற அந்த வாசனையை நான் படுத்திருந்த இடத்திலிருந்து பிடித்துக்கொண்டே சுவரைப் பிடித்து நடந்து போனேன். அடுக்களை நிலையில் உட்கார்ந்து, "அம்மா, ஒரே ஒரு வாய்" என்றேன். அழவில்லை என்றுதான் நினைக்கிறேன். அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு பானையிலிருந்து சூடாக அள்ளி, ஊதி, உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து என் வாயில் வைத்தாள். குழம்பும் இல்லை, மோரும் இல்லை. உப்புகூடப் போடவில்லை. அவ்வளவு அவசரம். "பையத் தின்னு. அப்பாட்டச் சொல்லிராத" என்றாள். அடுத்த உருண்டை, அதற்கடுத்தது என்று அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள். நான் வாங்கிக்கொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலமும் யாரோ பார்க்க வந்தார்கள். அவர்கள் கண்முன்னாலேயே எனக்குப் பாலில் நனைத்து ரஸ்க் கொடுக்கப்பட்டது. மறுநாள் நான் முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குச் சுருண்டுவிட்டேன். கண் செருகியது என்று பின்னால் சொன்னார்கள். அப்பா டாக்டரை அழைத்துவரச் சட்டையை மாட்டும்போது அம்மாவே போய் அவர் முன்னால் நின்றாள்.

"நாந்தான். நேத்து மத்தியானம் ரெண்டு வாய் சோறு குடுத்துட்டேன்."

அப்பா சத்தம் போடுகிற மனுஷர் இல்லை. "டாக்டர விட ஒனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். அது போதுமாக இருந்தது. ரஸ்க்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வரிசை வீட்டில் ஒரு அம்மாள் இன்னொரு அம்மாளிடம் சொன்னது சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டது. "சில பேரு கை அப்படி. அவ கையால குடுத்தா பிள்ளைக்குத் தங்க மாட்டேங்கு." வேதக்காரர்கள் கைராசி பார்க்கக் கூடாது என்று நாங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த அம்மாள்தான் அங்கே பாடம் எடுப்பவள்.

அந்த நேரத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் அக்கா. ராதாபுரத்துக்குத் தெற்கே பனைக்காட்டு ஊர் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். மாமாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அத்தை என்னைத் தூக்கிப் பார்த்தாள், எடை இல்லாததை உணர்ந்து சட்டென்று கீழே இறக்கிவிட்டாள். "ஏலே தம்பி, பிள்ளைய எங்கூட அனுப்பு. அங்கன தண்ணி வேற. ஒரு மாசம் இருந்து பாக்கட்டும்" என்றாள் அப்பாவிடம். அம்மா என் துணிகளை மடித்துப் பையில் வைத்தாள்.

பஸ் தெற்கே போகப் போக வயல் மறைந்து, மண் சிவந்து, பனை மட்டும் நின்றது. காற்று ஓயவே ஓயாது. நாங்கள் இறங்கியபோது ஊரே பனம்பழம் சுட்ட வாசனையில் இருந்தது. அந்த மஞ்சள் சதையைச் சப்பினால் நார் பல்லில் மாட்டிக்கொள்ளும், அதை எடுக்கவே அரை நாள் ஆகும். அப்பா கொடுத்தனுப்பிய ரொட்டியில் எறும்பு புகுந்துவிட்டது. அந்த ஊரில் ரொட்டிக்கடை கிடையாது. அதற்காக அங்கே யாரும் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

"இனி நாங்க தின்னுததத்தான் நீயும் திங்கணும்" என்றாள் அத்தை. அவர்கள் தின்றது கம்பங்கூழ், சோளச்சோறு, முருங்கைக்கீரை, கருவாடு. ஞாயிற்றுக்கிழமை அரிசிச் சோறு. கடிப்பதற்குக் கருப்பட்டித் துண்டு. முதலில் என் வயிறு தயங்கியது. பிறகு அதற்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், அடங்கிவிட்டது. மழை தொடங்கும்போது நான் செம்மண்ணில் ஓடிக்கொண்டிருந்தேன். வயிறு உள்ளே போனது. பாவாடை நாடாவை அத்தை இறுக்கிக் கட்டினாள். பிறகு கன்னம் வந்தது. ராத்திரி தூங்கினால் விடிந்துதான் எழுந்தேன். பசி என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எப்படிக் குணமானது என்று ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தங்கள் கிணற்றின் கரிப்புத் தண்ணீர் என்றாள் அத்தை. தன் கருப்பட்டி என்றார் மாமா, வாங்க வருகிறவர்களிடமெல்லாம் என்னை நிறுத்திக் காட்டினார். அப்பா சபையில் சாட்சி சொல்லி ஜெபத்துக்கு நன்றி சொன்னார். ரொட்டி இல்லாததுதான் காரணம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தட்டில் இல்லாத ஒன்றை யார் கவனிப்பார்கள்? எனக்கும் தோன்றவில்லை, அத்தனை ஆராய்ச்சி செய்தும்.

கிறிஸ்துமஸுக்கு அப்பாவும் அம்மாவும் தம்பியும் அத்தை வீட்டுக்கு வந்தார்கள். பண்டிகை முடிந்ததும் என்னைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. நான் காலையிலேயே என் பையைக் கட்டி வாசல் மூலையில் வைத்துவிட்டேன்.

அம்மா எனக்காக ஒரு நீலத் தகர டப்பா நிறையக் கலகலா செய்து கொண்டுவந்திருந்தாள். நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் என்றால் அதுதானே. மைதா மாவை முட்டையும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பிசைந்து, சின்ன உருண்டையாகச் சீப்பின் பல்லில் வைத்து உருட்டினால் சிப்பி மாதிரி வரி விழும். பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்ட வேண்டும். அதற்கென்றே புதுச் சீப்பு வாங்கினாளாம். டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நான் தின்றேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, சதை போட்டிருந்த என் முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவள் அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாளே வயிறு திறந்துகொண்டது. வாந்தி வேறு. பழைய நுரை, பழைய நாற்றம். அத்தனை மாதமும் தேறியது இரண்டே நாளில் கரைந்துபோனது போல் வீடே கலங்கிவிட்டது. அடுத்த நாள் நான் உள்ளே கட்டிலில் கிடந்தேன். ஜன்னலுக்கு வெளியே, கிணற்றடி முருங்கை மரத்தின் கீழே அத்தையும் அம்மாவும் பேசியது கேட்டது.

"ஏட்டி, நான் சொல்லுதேன்னு மனசுல வச்சுக்கிடாத. பிள்ள இங்கன ஓடியாடித் திரிஞ்சா. நீ வந்து எறங்குன, அவ படுத்துட்டா."

"மைனி, நல்ல எண்ணெயிலதான் பொரிச்சேன். பாகும் பதமாத்தான் இருந்துது."

"பலகாரத்த யாரு கொற சொன்னா? நானுந் தின்னேன், மாமாவுந் தின்னாவ, ஒம் மவனுந் தின்னான். எங்களுக்கு ஒண்ணுமில்லியே."

வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் வந்தது. பிறகு அம்மா சொன்னாள்: "அன்னைக்குச் சோறு குடுத்தப்பயும் இப்படித்தான் ஆச்சு. எங் கையிலதான் என்னமோ இருக்கு."

அத்தை அதை மறுக்கவில்லை. கெட்டவள் இல்லை அவள். அவளுக்கும் வேறு காரணம் தெரியவில்லை.

"அவ உங்ககிட்டயே இருக்கட்டும் மைனி. எங்கனயாவது உசுரோட இருந்தாப் போதும்" என்றாள் அம்மா.

அவர்கள் கிளம்பினார்கள். என் பை மட்டும் வாசல் மூலையிலேயே இருந்தது. பாதி தீர்ந்த நீல டப்பாவை அம்மா கையோடு எடுத்துக்கொண்டாள். அந்த டப்பாவை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நான் பார்க்கவே இல்லை, என்ன ஆனதென்று தெரியவில்லை. கட்டிலிலிருந்து எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் திரும்பிப் பார்க்காமல் பஸ்சுக்கு நடந்தாள். எனக்குக் கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். நல்ல பிள்ளையை வைத்துக்கொண்டு நோஞ்சானை விட்டுவிட்டுப் போகிறாள் என்றே நினைத்தேன். அந்த நினைப்பு எனக்குள் வெகுகாலம் இருந்தது.

பள்ளிப் படிப்பு முடியும்வரை அத்தை வீட்டில் வளர்ந்தேன். அத்தையும் மாமாவும் என்னைத் தாங்கினார்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. லீவுக்குப் பாளையங்கோட்டை போவேன். அங்கே ஒரு விசித்திரம் நடக்கும். அம்மா எல்லாம் சமைப்பாள். தட்டு போட்டு நான் உட்கார்ந்ததும், "ஏலே, அக்காவுக்கு நீ வை" என்று தம்பியைக் கூப்பிடுவாள். தம்பி இல்லாவிட்டால் சட்டி பானையை என் முன்னால் நகர்த்தி, "வேணுங்கத எடுத்துப் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டுப் புறவாசலுக்குப் போய்விடுவாள். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகளோடு போன பிறகும் அப்படித்தான். என் பிள்ளைகளுக்கு ஊட்டுவாள், என் தட்டைத் தொடமாட்டாள். நான் விருந்தாளி ஆகிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டேன்.

நடுவில் உள்ள வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெலிபோன் ஆபீஸில் வேலை கிடைத்து மதுரை விடுதியில் இருந்தேன். ராத்திரிக்குச் சப்பாத்தி. வயிறு மறுபடி பழைய பாட்டைப் பாடியது. ஒரு டாக்டர் வாயு என்றார், ஒருவர் அல்சர் என்றார். நீங்கள் அதிகம் யோசிக்கிறீர்கள், கல்யாணமானால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். கல்யாணத்துக்குப் பிறகு வேறொருவர், பிள்ளை பிறந்தால் சரியாகிவிடும் என்றார். இரண்டு பிள்ளை பிறந்தும் சரியாகவில்லை. ரத்தசோகைக்கு மாத்திரை தின்றுகொண்டே ஓய்வும் பெற்றேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாசலில் லேசாகச் சறுக்கி விழுந்ததில் மணிக்கட்டு முறிந்தது. இவ்வளவு சின்னச் சறுக்கலுக்கு எலும்பு உடையலாமா என்று, வயிற்று வைத்தியம் பார்க்கும் ஒரு இளம் பெண் டாக்டரிடம் அனுப்பினார்கள். அவள் கேட்ட முதல் கேள்வி: "சின்னப் பிள்ளையில வயிறு எப்படிம்மா இருந்துது?"

அதை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. டைபாய்டில் தொடங்கி நீல டப்பா வரை சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு ரத்தப் பரிசோதனை, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனை. முடிவு வந்ததும் பொறுமையாக விளக்கினாள். சீலியாக் என்று பெயராம். "பூத்துவாலையில நூல் சுருள் சுருளா நிக்கும்லாம்மா, குடலுக்கு உள்ளயும் அப்படித்தான் இருக்கும். அதுதான் சத்த உறிஞ்சும். கோதுமையில, பார்லியில ஒரு புரதம் இருக்கு. அது பட்டா உங்க உடம்பே அந்தச் சுருள அழிச்சிரும். தொவால தேஞ்சு வெறுந்துணி ஆயிரும். வடக்க இத நெறயப் பாக்காங்க. நம்ம பக்கம் கொறவு, அதான் யாரும் தேடுததில்ல."

"ரொட்டி?"

"கோதுமைதான். ரஸ்க், மைதா, ரவை, மால்ட் எல்லாம் அதுல அடக்கம். ஆயுசு முழுக்க தொடக் கூடாது."

"சோறு?"

"சோறு எவ்வளவு வேணும்னாலும் சாப்பிடுங்க."

நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

இப்போது எனக்கு இதே வேலை. கடையில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன். கூட்டுப் பெருங்காயத்தில்கூடக் கோதுமை மாவு கலக்கிறார்கள், தெரியுமா? ரசமும் சாம்பாரும் என் எதிரிகளாகும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் சபையில் போதகரை ஐயர் என்போம். ஆராதனையில் கொடுக்கும் இராப்போஜன அப்பமும் கோதுமைதான் என்று ஐயரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, எனக்குத் திராட்சரசக் கிண்ணம் மட்டும் போதும் என்றார். நான் முழங்காலிட்டு, அப்பம் வாங்காமல் எழும்போது பக்கத்திலிருப்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இந்த நோயைப் பற்றி என்னைப் பேசவிட்டார்கள். பேசி முடித்ததும் டீயும் பன்னும் கொடுத்தார்கள். "கொஞ்சூண்டு தின்னா ஒண்ணுஞ் செய்யாதுக்கா" என்று தட்டை என் பக்கம் நீட்டினாள் ஒருத்தி. ஆனால் கூட்டம் கலைந்ததும் வேறொருத்தி என்னை ஓரமாக அழைத்து, தன் பேரனின் வயிற்றைப் பற்றி மெதுவாகக் கேட்டாள். நீங்களாகக் கோதுமையை நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் பரிசோதனையில் தெரியாமல் போகும், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லத் தொடங்குமுன் ஒருத்தியிடம் சொல்ல வேண்டியிருந்தது. பரிசோதனை முடிவு வந்த வாரமே பாளையங்கோட்டையில் தம்பி வீட்டுக்குப் போனேன். அப்பாவும் அத்தையும் மாமாவும் போய்ச்சேர்ந்துவிட்டார்கள். அம்மா இருக்கிறாள். தொண்ணூறை நெருங்குகிறாள், காது நன்றாகக் கேட்கும். மத்தியானம், நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் பூத்துவாலை வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப மாவுதானா?" என்றாள்.

"மாவுதாம்மா."

"அந்த பாட்டில் மாவு?"

"அதுவுந்தான்."

"ரஸ்க்கு?"

"அதுவுந்தான்."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கலகலா?"

இதற்குத்தான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தேன். "அது மைதாம்மா. யாரு செஞ்சிருந்தாலும் எனக்கு அப்படித்தான் ஆயிருக்கும். அத்தை செஞ்சிருந்தாலும். கையில ஒண்ணுமே இல்லம்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு அடுக்களையில வச்சு சோறு குடுத்தேனே" என்றாள்.

"அந்த வீட்டுல எனக்கு ஒத்துக்கிட்டது அது ஒண்ணுதாம்மா."

அம்மாவின் முகம் எப்படியோ ஆனது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள், "ஒங்கப்பா இருக்கும்போது இத வந்து சொல்லியிருக்கக் கூடாதாட்டி?" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

தம்பி மனைவி எனக்குத் தட்டில் சோறு போட்டு, ரசக் கரண்டியை எடுத்தாள். ரசம் வேண்டாம், பெருங்காயம் இருக்கும், வெறும் சோறு போதும் என்றேன். அவள் கரண்டியைத் திரும்ப ரசத்திலேயே போட்டாள்.

"தட்ட இங்கன குடு" என்றாள் அம்மா.

தட்டை மடியில் வைத்துக்கொண்டு, உப்புக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கினாள். ஒரு சிட்டிகை எடுத்துத் தூவி, அவசரமே இல்லாமல் பிசைந்தாள். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு உப்பு போடல" என்று சொல்லிவிட்டு, முதல் உருண்டையை என் வாய்க்கு நேராக நீட்டினாள்.